நெடுங்காலி

ஐப்பசி மழை இரண்டு நாள் கொட்டி ஓய்ந்தால் பெசன்ட் நகர் வீடுகளுக்கு ஒரு விருந்தாளி வரும். பால்கனி ட்யூப் லைட்டின் பக்கத்தில், குளியலறைச் சுவரில், சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் சட்டத்தில் கால்களைப் பரப்பிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும். உடம்பு கொசுவைப் போல ஒல்லி, அளவு மட்டும் பல மடங்கு. பார்த்தவர்கள் முதலில் அலறுவார்கள், அப்புறம் கொசு பேட்டைத் தேடுவார்கள். எங்கள் மாடிப்படியில் ஒருநாள் கீழ்வீட்டுப் பையன் கேட்டான்: "அங்கிள், இது டெங்கு கொசுவோட அப்பாவா?"

"இல்லடா. இது கொசுவே இல்ல. கடிக்கிறதுக்கு இதுகிட்ட ஊசியே கிடையாது."

அவன் நம்பவில்லை. டெங்கு கொசுவின் அப்பாவும் கடிக்காது, அம்மாதான் கடிக்கும் என்பதை அவனுக்கு இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம்.

ஆங்கிலத்தில் இதைக் கிரேன் ஃப்ளை என்கிறார்கள். நம் பக்கத்தில் 'பெரிய கொசு' என்பதோடு சரி. இங்கே நெடுங்காலி என்று வைத்துக்கொள்கிறேன். ஈக்களின் வரிசையில் மிகப் பெரிய கூட்டங்களில் இதுவும் ஒன்று. பெயர் சூட்டப்பட்ட இனங்களே 15,000-க்கு மேல். டைனோசர்கள் நடமாடிய காலத்துப் பாறைகளிலேயே இதன் மூதாதைகளின் சிறகுத் தடம் கிடைக்கிறது. இத்தனை பழைய, இத்தனை பெரிய கூட்டத்தை நாம் பார்க்காமலே விட்டதற்குக் காரணம் அது நம்மை ஒன்றும் செய்வதில்லை என்பதுதான். கடிக்காது, கொட்டாது, சோற்றில் விழாது, காதருகே ரீங்காரம் போடாது. தொல்லை தருகிற பூச்சிக்குத்தான் நம்மிடம் கவனிப்பு.

நெடுங்காலியின் அழகு எதில் என்று கேட்டால் என் பதில் ஒன்றே. மற்ற ஈக்கள் மூடி வைத்திருக்கும் அத்தனையையும் இது திறந்து வைத்திருக்கிறது. வீட்டு ஈயின் உடம்பு கச்சிதமாகக் கட்டிய மூட்டை. உள்ளே என்ன இருக்கிறது என்று அவிழ்த்தால்தான் தெரியும். நெடுங்காலியிடம் கால் எங்கே முளைக்கிறது, எங்கே மடங்குகிறது, சிறகின் நரம்பு எங்கே பிரிகிறது, பின்சிறகு என்னவாயிற்று என்பதெல்லாம் வெறுங்கண்ணுக்கே தெரியும். ஓர் ஈயை இழுத்து நீட்டி, பாடம் நடத்துவதற்காகச் சுவரில் மாட்டி வைத்தாற்போல.

முதலில் கால். உடம்பின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு இருக்கும், சிலவற்றில் அதற்கும் மேல். உடம்பை ஒட்டிக் குட்டையான இரண்டு கணுக்கள், பிறகு தொடை, முழங்கால், கெண்டை. நமக்குக் கெண்டைக்குக் கீழே பாதம் ஏறக்குறைய ஒரு சாண்தான். இதற்கோ பாதமே ஐந்து கணுக்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் குறுகி, நீண்டுகொண்டே போகிறது. கடைசிக் கணுவில் ஒரு ஜோடி நகம். பேப்பர் படிக்கிற பூதக்கண்ணாடி போதும். காலின் நீளம் முழுக்க மெல்லிய மயிர் ஒரே திசையில் படிந்திருப்பதைப் பார்க்கலாம். சில இனங்களில் முழங்காலில் மட்டும் ஒரு கருமை. ஆறு முழங்காலிலும் அதே அளவில், அதே இடத்தில்.

இவ்வளவு காலை வைத்துக்கொண்டு நன்றாக நடக்குமா என்றால், நடக்காது. தள்ளாடும். ஒரு காலை எடுத்து வைப்பதற்குள் இன்னொரு கால் வழுக்கிவிடும். அந்தக் கால் நடப்பதற்கு வந்ததில்லை, தொங்குவதற்கு வந்தது. இலையின் அடிப்பக்கத்தில், புல்லின் நுனியில், வேலியோரச் செடியில் முன்னங்கால் இரண்டால் பற்றிக்கொண்டு மீதி உடம்பைக் காற்றில் விட்டுவிடும். சில இனங்கள் இன்னும் துணிச்சல்; சிலந்தி வலையின் இழையிலேயே தொங்கும். வலை அசைந்தாலும் சிலந்தி எழுந்து வராத அளவுக்கு இலேசான பிடி.

தொடையும் அதற்கு முந்திய குட்டைக் கணுவும் சேருமிடத்தில் ஒரு நலிந்த பொருத்து. பல்லி காலைக் கவ்வினால் அந்த இடத்தில் கால் சட்டென்று கழன்றுவிடும். பல்லியின் வாயில் கால், பூச்சி ஜன்னலுக்கு வெளியே. பல்லி தன் வாலைக் கொடுத்துத் தப்புகிறது, அந்தப் பல்லியிடமிருந்தே தப்ப இது காலைக் கொடுக்கிறது. இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். பல்லிக்கு வால் மறுபடி முளைக்கும். நெடுங்காலிக்குக் கால் முளைக்காது, ஏனென்றால் சிறகு வந்த பிறகு அது தோல் உரிப்பதில்லை. ஐந்து காலோடும் நான்கு காலோடும் உட்கார்ந்திருப்பவற்றை நம் சுவர்களில் சாதாரணமாகப் பார்க்கலாம். நிற்கும் நிலையில் ஒரு குறையும் தெரியாது. இருக்கிற கால்களை இடைவெளி சரிசெய்து வைத்துக்கொள்ளும். அருங்காட்சியகங்களில் இதை ஊசி குத்தி வைப்பவர்களுக்கு இதே பொருத்து பெரிய தலைவலி. பெட்டியைத் திறந்து மூடினாலே கால்கள் உதிர்ந்து கிடக்கும்.

அடுத்து, சிறகுக்குச் சற்றுப் பின்னால் பாருங்கள். சிறகை விரித்தபடியே உட்காரும் பெரிய வகைகளில் இது நன்றாகத் தெரியும். மார்பின் இரு பக்கமும் ஒரு மெல்லிய காம்பு, அதன் நுனியில் சிறு உருண்டை. சிறகு இரண்டே இருக்கும் ஈ இனத்தில் பின்சிறகு சுருங்கி இப்படி ஆகியிருக்கிறது. ஹால்டியர் என்பார்கள், பாடப்புத்தகத்தில் சமனுறுப்பு. வீட்டு ஈக்கும் கொசுவுக்கும் இது உண்டு. ஆனால் ஒன்றில் மூடிக்கிடக்கும், மற்றதில் அளவு போதாது. கண்ணால் பார்த்து ரசிக்க வேண்டுமானால் நெடுங்காலியிடம்தான் வர வேண்டும்.

பறக்கும்போது சிறகு மேலே போனால் இந்த உருண்டை கீழே வரும், சிறகு கீழே வந்தால் இது மேலே போகும். அதே வேகம், எதிர்த் திசை. உடம்பு ஒரு பக்கம் திரும்பினால் ஆடிக்கொண்டிருக்கும் உருண்டை தன் பழைய தளத்திலேயே ஆடப் பார்க்கும். அந்த இழுபறியில் காம்பின் அடி நுண்ணளவு வளையும். அங்கே பொதிந்திருக்கும் உணர்புள்ளிகள் அந்த வளைவை அளந்து கழுத்துக்கும் சிறகுத் தசைக்கும் சேதி அனுப்பும். 1714-இல் வில்லியம் டெர்ஹம் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், இந்த உருண்டைகளை வெட்டிவிட்டால் ஈ நிலைதடுமாறி விழுகிறது என்று கண்டு எழுதினார். அது ஏன் என்று விளங்க 20-ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. இன்று எலியட்ஸ் கடற்கரையில் ஷ்மித் நினைவு மண்டபத்தைப் பின்னணியில் வைத்து வீடியோ எடுப்பவர் கை நடுங்கினாலும் படம் அவ்வளவாக நடுங்குவதில்லை. செல்போனுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலிக்கன் துண்டு ஓயாமல் அதிர்ந்து, போன் திரும்புவதை உணர்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறது. வேலை செய்யும் விதி இரண்டிலும் ஒன்றேதான்.

சிறகடிப்பும் கவனிக்கத் தக்கது. பெரிய நெடுங்காலி நொடிக்கு ஏறக்குறைய ஐம்பது தடவை சிறகடிக்கும். பெண் கொசு நானூறு, ஐந்நூறு என்று போகும். அதனால்தான் அதன் குரல் மெல்லிய கம்பியாய்க் காதுக்குள் இறங்குகிறது. ஐம்பது என்பது நம் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண். மனிதச் செவி கேட்கும் எல்லையின் அடித்தட்டு. ஆகவே நெடுங்காலி அறைக்குள் வந்து சுற்றினாலும் சத்தம் கேட்காது. சுவரில் உரசும்போது கால்கள் எழுப்பும் சிறு சரசரப்பு மட்டும்தான். கொசுவை நாம் முதலில் கேட்கிறோம், பிறகு பார்க்கிறோம். இதைப் பார்க்க மட்டுமே முடியும்.

இனி ஈரநிலத்துக்கே உரிய ஒன்றைத் தனியாக எடுத்துக்கொள்கிறேன். கொனோசியா இர்ரொராட்டா. 1828-இல் கீல் நகரத்து மருத்துவர் வீடமன் இதற்குப் பெயர் வைத்தார். ஆப்பிரிக்காவில் தொடங்கி, இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா, ஜப்பான், ஆஸ்திரேலியா என்று பரந்து கிடக்கிறது. நெல் வயல், ஏரிக்கரை, கோரை மண்டிய பள்ளம், விளக்கு எரியும் தாழ்வாரம் எல்லாம் இதற்குச் சொந்த ஊர். இத்தனை பெரிய நிலப்பரப்பை ஆண்டுகொண்டு இத்தனை அடக்கமாக இருக்கிற உயிரை நான் அதிகம் பார்த்ததில்லை. நிறம் காய்ந்த புல்லின் நிறம். சிறகின் நீளம் ஒரு சென்டிமீட்டரை ஒட்டி, அல்லது சற்றே கூட. இரண்டடி தள்ளி நின்றால் சுவரில் ஒட்டிய துரும்பு என்று விட்டுவிடுவீர்கள்.

பூதக்கண்ணாடியை அதன் சிறகுக்கு மேல் கொண்டு வந்தால் வேறு கதை. கண்ணாடி போன்ற சவ்வு, அதில் ஓடும் நரம்புகள், அந்த நரம்புகளின் மேல் நெடுகப் பழுப்புப் புள்ளிகள். நம் வாசலில் போடும் சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைச் சுற்றிப் போகும், புள்ளியைத் தொடாது. இங்கே புள்ளி கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. முன்விளிம்பில் சற்றுப் பெரிதாகவும், உள்ளே போகப் போகப் பொடியாகவும். நரம்பு விளிம்பைத் தொடுமிடங்களில் ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு புள்ளி. அச்சடித்ததைப் போல இருக்கும், ஆனால் அச்சடித்ததன் சலிப்பு இருக்காது. இடச் சிறகையும் வலச் சிறகையும் ஒப்பிட்டால் ஏதோ ஒரு புள்ளி ஒன்றில் கொஞ்சம் கரைந்தும் மற்றதில் அழுத்தமாகவும் விழுந்திருப்பது தெரியும்.

இந்தப் புள்ளிகளுக்குப் பயன் உண்டா? இது புல்லில் உட்காரும் விதத்தைப் பார்த்தவர்களுக்குக் கேள்வி எழாது. மற்ற நெடுங்காலிகள் பல காலைப் பரப்பும், சிறகை விரிக்கும். இது சிறகை முதுகோடு சேர்த்து மடிக்கும். கால்களை முன்னும் பின்னுமாகத் தண்டை ஒட்டி நீட்டிக்கொள்ளும். வயிற்றையும் அதே கோட்டில் வைக்கும். அவ்வளவுதான், பூச்சி இருந்த இடத்தில் புல்லின் ஒரு கணு. மடித்த சிறகின் புள்ளிகள் காய்ந்த புல்லின் மேல் படரும் பூசணக் கறைகளாகிவிடுகின்றன. கண்ணெதிரே இறங்கிய பூச்சியைத் தேடிக் கண் அலையும். விரல் வைத்தால்தான் கணு பறக்கும். அத்தனையையும் திறந்து காட்டும் குடும்பத்தில் பிறந்து, வேண்டியபோது மொத்தமாக மறைந்துபோகிற சாமர்த்தியம் இதற்கு. அதே பூச்சி நம் வீட்டு வெள்ளைச் சுவரில் உட்காரும்போது பாவமாக இருக்கும். புல்லுக்கென்று கற்ற வித்தையைச் சுண்ணாம்பின் மேல் நடத்தப் பார்க்கும்: உடம்பு கோடாக, கால் நேராக, எல்லாம் ஒழுங்காக, எல்லார் கண்ணிலும் பட்டபடி.

பெசன்ட் நகர் இந்தப் பூச்சிக்கு ஏற்ற இடமா என்று யோசித்தால் பாதி ஆம், பாதி இல்லை. இங்கே தரை கடல் மணல். மழை பெய்த அரை மணியில் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். நெடுங்காலிக்கு வேண்டியது தேங்கிய தண்ணீர் அல்ல. ஈரம் விலகாத சேறும் அதில் மட்கும் இலையும். அது இங்கே சில்லறையாகத்தான் கிடைக்கும். குழாயடி, ஏசி தண்ணீர் சொட்டிச் சொட்டிப் பாசி பிடித்த மூலை, இலை அடைத்துக்கொண்ட மழைநீர் வடிகால், தோட்டக்காரர் தினமும் நனைக்கும் பூங்காப் பாத்தி. மொத்த விற்பனை வடக்கே, அடையாற்றங்கரையில். ஆறு கடலில் விழும் கழிமுகத்தின் தென்கரையில் தியாசபிகல் சொசைட்டி 1882-இல் வாங்கிய தோட்டம் இன்றும் மரமும் சருகுமாக நிற்கிறது. 1967-இல் கட்டி 1977-இல் விழுந்த உடைந்த பாலத்தின் பக்கத்தில் நின்றால் மணல்திட்டு, சேற்றுத்திட்டு, உப்பு நீர், நன்னீர் என்று காலடிக்குக் காலடி நிலம் மாறும். மறுகரையில் 58 ஏக்கர் தொல்காப்பியப் பூங்கா. 2011-இல் திறந்தபோது குப்பைமேடாக இருந்த ஓடையை மீட்டு ஈரநிலமாக்கியிருந்தார்கள். வடகிழக்குப் பருவமழையில் ஆறு பெருகி உப்பைத் தள்ளும்போது இந்த ஓரங்களில் கோரையும் சம்பும் தழைக்கும். நெடுங்காலிகளின் காலமும் அதுவே.

உப்பு இவற்றுக்கு அவ்வளவாக ஆகாது. ஆனாலும் குடும்பம் பெரிதல்லவா, அடங்காத பிள்ளைகளும் உண்டு. ஜப்பானின் கடலோரப் பாறைகளில் அலை நனைக்கும் பச்சைப்பாசியைத் தின்று வளரும் ஒரு நெடுங்காலி இருக்கிறது. பூச்சிகள் கிட்டத்தட்ட மொத்தமாகக் கைவிட்ட கடலை எட்டிப் பார்க்கத் துணிந்த சிலவற்றில் அதுவும் ஒன்று.

நாம் சுவரில் பார்ப்பது இதன் வாழ்க்கையின் கடைசி அத்தியாயம். உண்மையான வாழ்க்கை சேற்றுக்குள். முட்டை கருமையாக, பளபளப்பாக, கடுகைவிடப் பொடியாக இருக்கும். அதிலிருந்து வரும் புழு சாம்பல் பழுப்பு, கால் கிடையாது, தோல் தடிப்பு. தலையை வேண்டும்போது மார்புக்குள் இழுத்துக்கொள்ளும். நான்கு பருவம் தோல் உரித்து வளரும். சில இனத்துப் புழுக்கள் மட்கிய இலையைத் தின்னும், சில வேரைக் கடிக்கும், சில சேற்றுக்குள் மற்றப் புழுக்களை வேட்டையாடும்.

அழகு இருப்பது அதன் வாலில். வால் முனை வெட்டிவிட்டதைப் போலத் தட்டையான வட்டம். அதைச் சுற்றி ஐந்தோ ஆறோ சதை மடல்கள், நடுவில் இரண்டு கருவட்டங்கள். பார்ப்பவர்கள் இதுதான் முகம், இவைதான் கண்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். அவை மூக்குத் துளைகள். புழு தலையைச் சேற்றில் புதைத்து, இந்த வட்டத்தை மேலே நீட்டி மூச்சு விடுகிறது. நீர்நிலை வகைகளில் மடல்களின் ஓரத்தில் நீண்ட மயிர்வரிசை உண்டு. தண்ணீரின் மேல்தோலில் மடல்கள் விரிந்தால் மயிர்கள் நீரில் பரவி வட்டத்தைத் தாங்கும். புழு அமிழும்போது மடல்கள் குவிந்து ஒரு காற்றுக்குமிழியை உள்ளே பிடித்துக்கொள்ளும். தண்ணீருக்குள் அந்தக் குமிழி வெள்ளிப்பொட்டாகப் பளிச்சிடும். சாக்கடைப் புழு என்று முகம் சுளிப்பவர்கள் அந்த ஒரு கணத்தை மட்டும் பார்த்தால் போதும்.

குளிர்நாடுகளில் இந்தப் புழுக்களில் ஒரு வகை புல்வேரைக் கடித்துப் புல்வெளியை அழிக்கும். அதில் ஒரு கிரிக்கெட் கதை உண்டு; சேப்பாக்கம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லாமல் போகக்கூடாது. 1935-இல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்துப் புல்லை நெடுங்காலிப் புழுக்கள் தின்று தீர்த்துவிட்டன. வழுக்கையாகிப்போன ஆடுகளத்தில் பந்து திரும்பியது. தென்னாப்பிரிக்காவின் லெக் ஸ்பின்னர் பலாஸ்கஸ் அந்த டெஸ்டில் ஒன்பது விக்கெட் எடுத்தார். இங்கிலாந்து மண்ணில் தென்னாப்பிரிக்காவுக்கு அதுதான் முதல் டெஸ்ட் வெற்றி. ஸ்கோர் கார்டில் புழுவுக்கு இடம் தரவில்லை. நம் ஊர் நெடுங்காலிகளுக்கு இப்படிப்பட்ட கெட்ட பெயர் எதுவும் கிடையாது.

வளர்ந்த புழு சேற்றின் மேல்மட்டத்துக்கு வந்து கூட்டுப்புழுவாகும். தலைப்பக்கத்தில் இரண்டு கொம்புகள் முளைக்கும். இதுவரை வாலால் விட்ட மூச்சை இனி இந்தக் கொம்புகளால் விடும். அந்த நீளக் கால்கள் ஆறும் அந்தச் சின்ன உறைக்குள் எப்படி அடங்குகின்றன என்று பார்ப்பது தனிச் சுகம். வயிற்றுப் பக்கத்தில் ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளியே இல்லாமல், நேர்கோடுகளாகப் படுக்கவைத்திருக்கும். வயிற்று வளையங்களில் இருக்கும் முட்களை ஊன்றி ஊன்றிக் கூட்டுப்புழு தன்னைப் பாதி மண்ணுக்கு மேலே தள்ளும். முதுகு வெடிக்கும். மார்பு வரும், தலை வரும், சிறகு வரும். கடைசியில்தான் கால்கள், உறையிலிருந்து மெல்ல மெல்ல, உருவிக்கொண்டே. ஒரு கால் சிக்கினாலும் அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டியதுதான். மழை ஓய்ந்த காலையில் ஈரப் பாத்தியில் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னக் குழல்கள் மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டு நின்றால் அவை இந்த வெற்று உறைகளாக இருக்கலாம்.

வெளியே வந்தபின் மிச்சம் சில நாட்கள். அதிகம் போனால் ஒன்றிரண்டு வாரம். பல இனங்கள் ஏதும் தின்பதில்லை, நீரோ பூந்தேனோ துளி உறிஞ்சினால் உண்டு. நீண்ட மூக்குள்ள சில வகைகள் மட்டும் பூவுக்குப் பூ போய்த் தேன் குடிக்கும். கொசுவை இது பிடித்துத் தின்னும் என்று சிலர் சொல்வார்கள். அதுவும் இல்லை. இதற்கு எதையும் பிடிக்கிற வாயே கிடையாது. ஆணின் வயிற்று நுனி தடித்து மழுங்கியிருக்கும், பெண்ணுக்கு ஊசிபோலக் கூர்ந்திருக்கும். அந்தக் கூர்மையைக் கொடுக்கு என்று பயந்துதான் பாதி பேர் அடிக்கிறார்கள். அது முட்டையிடும் கருவி. பெண் ஈரமண்ணுக்கு மேல் செங்குத்தாக நின்று, எம்பி எம்பி, ஒவ்வொரு எம்பலுக்கும் நுனியை மண்ணில் குத்தி முட்டையை இறக்கும். சேர்ந்திருக்கும் ஜோடியைப் பார்த்தால் வாலோடு வால் ஒட்டி எதிரெதிர்த் திசை பார்த்திருக்கும். பறக்க வேண்டி வந்தால் அப்படியே பறக்கும். ஒன்று இழுக்கும், மற்றது பின்னோக்கிப் போகும்.

இதைத் தின்னாத வாய் இல்லை. பல்லி, சிலந்தி, தட்டான், வலசை வந்த தகைவிலான் குருவிகள், சுவரோரம் காத்திருக்கும் தேரை. சேற்றிலிருக்கும் புழுக்களுக்குக் கழிமுகத்து உள்ளான்கள். சிவந்த கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கிவைத்து நடக்கும் நெடுங்கால் உள்ளான் அங்கே குனிந்து சேற்றைக் கொத்தும்போது, நெட்டைக்கால் பறவை ஒன்று நெட்டைக்கால் ஆகப்போகிற புழுவை, அதற்குக் கால் முளைக்கும் முன்பே, தேடிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பூச்சியின் நயத்தை நமக்கு முன்பே அறிந்து அதற்காகவே வாழ்ந்தவர்கள் உண்டு. கல்கத்தாவில் வாழ்ந்த புருனெட்டி தொழிலால் இசைக்கலைஞர். 1912-இல் வந்த பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்கின வரிசையில், நீள உணர்கொம்பு ஈக்களைப் பற்றிய தொகுதியை அவர்தான் எழுதினார். தலைப்பிலேயே கொசுக்கள் நீங்கலாக என்று போட்டிருக்கும். எல்லாரும் கொசுவையே பார்த்துக்கொண்டிருந்த மலேரியாக் காலத்தில் கொசுவை விலக்கி வைத்துவிட்டு அதன் சாதுவான உறவினர்களைப் பார்க்க உட்கார்ந்த அந்த மனிதர் மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் சார்ல்ஸ் பால் அலெக்ஸாண்டர் (1889–1981) இன்னொரு படி மேலே போனார். 11,000-க்கு மேற்பட்ட நெடுங்காலி இனங்களுக்குப் பெயரும் விளக்கமும் எழுதியது அவர் ஒருவர் கை. எழுபது ஆண்டு என்று கணக்கு வைத்தாலும் வாரத்துக்கு மூன்று. மனைவி மேபல் சேகரிப்பிலும் கார் ஓட்டுவதிலும் கூடவே இருந்தார். அலெக்ஸாண்டர் சிறகு, கால், ஆணின் வயிற்று நுனி இவற்றைக் கண்ணாடித் தகட்டில் பதித்து வைத்து, அந்த நுனியின் கொக்கிகளைக் கொண்டே இனம் பிரித்தார். அவர் மேசைக்குத் தமிழ் மண்ணிலிருந்தும் பூச்சிகள் போயின. காரைக்கால் பக்கத்துக் குரும்பகரத்தைச் சேர்ந்த சூசை நாதன் ஆனைமலையிலும் நீலகிரியிலும் சேகரித்து அனுப்பியவை அவை. உலகத்துப் பெரிய அருங்காட்சியகங்களின் இழுப்பறைகளில் அவர் பெயர் எழுதிய துண்டுச் சீட்டுகள் இன்றும் இருக்கின்றன. வெளிநாட்டில் பூச்சி ஆராய்பவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு அவரை நம் ஊரில் யாருக்கும் தெரியாது என்பது கொஞ்சம் உறுத்துகிறது.

கொசுப்புகை வண்டி தெருவில் வந்துபோன மறுநாள் காலை படிக்கட்டில் கொசுக்களோடு நெடுங்காலிகளும் கிடக்கும். கொசு ஒழிய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. டெங்கு கண்ட வீட்டுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். ஆனால் வீட்டுக்குள் வந்ததை அடிப்பதற்கு முன் இரண்டு விஷயம் பார்க்கலாம். கொசுவின் முகத்தில் நீண்ட ஊசி நீட்டிக்கொண்டிருக்கும், சிறகு நரம்புகளில் செதில் படிந்திருக்கும். நெடுங்காலிக்கு ஊசியும் இல்லை, செதிலும் இல்லை. முதுகில், சிறகுகள் முளைக்கும் இடத்துக்கு நடுவே, கூரான ஒரு கோணக்கோடு இருக்கும். ஆங்கில 'வி' எழுத்தைக் கீறிவிட்டாற்போல. அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டால் பேட்டைக் கீழே வைத்துவிடலாம்.

செல்போனில் படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. மேலிருந்து ஒன்று மட்டும் எடுத்துவிட்டுப் போகாதீர்கள். சிறகு முழுக்கத் தெரிய ஒன்று, பக்கவாட்டில் சமனுறுப்பு தெரிய ஒன்று, வயிற்று நுனி நெருக்கத்தில் ஒன்று. ட்யூப் லைட்டை அணைத்துவிட்டு டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தால் சிறகின் மேல் பச்சையும் ஊதாவும் ஓடும், புள்ளிகளும் எடுப்பாக விழும். காலைப் பிடித்து நகர்த்தப் பார்க்காதீர்கள். கால் உங்கள் கையில் இருக்கும், பூச்சி பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். நகர்த்தியே ஆகவேண்டுமென்றால் ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, அடியில் கல்யாணப் பத்திரிகை ஒன்றைச் செருகி, தொட்டிச்செடிப் பக்கம் கொண்டுபோய் விடலாம். கீழ்வீட்டுப் பையன் இப்போது அப்படித்தான் செய்கிறான். அவன் அம்மா டம்ளரை மட்டும் தனியாக எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.